கூரைக் கடனை வேண்டாமென்ற நாள்

அன்று காலை வெர்னா கெப்ஹார்ட் வீட்டு அடுப்படியில் மூன்று பேர் இருந்தோம். மேசையின் அடுப்பை ஒட்டிய நுனியில் வெர்னா, மாவுப் பலகைக்கு முன்னால். ஜன்னல் பக்கம் அவள் நாத்தனார் ஓபல், மடியில் ஆப்பிள் சட்டியோடு. கதவை ஒட்டி நான், இடது காலை ஒரு முக்காலி மேல் நீட்டியபடி. நாலாவது நாற்காலி வெர்னாவின் கணவன் லாய்டுடையது. அதில் ஒரு வாளி உட்கார்ந்திருந்தது. அடுப்புச் சூட்டில் கூரைப் பனி உருகி, சொட்டுச் சொட்டாக அதில் விழுந்துகொண்டிருந்தது.

நவம்பரின் நாலாவது வியாழக்கிழமை வருகிற நன்றி சொல்லும் பண்டிகைக்கு அடுத்த திங்கட்கிழமை அது. லாரல் ஃபோர்க்கில் அந்தத் திங்கள்தான் மான் வேட்டையின் முதல் நாள். பள்ளிக்கூடம் கிடையாது, வங்கி கிடையாது, முடிவெட்டுகிற கடை கிடையாது. செங்கல் சூளையில்கூட நெருப்பைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆளை விட்டுவிட்டு மற்றவர்கள் மலைக்குப் போய்விடுவார்கள். துப்பாக்கி தூக்கக்கூடிய ஆண்பிள்ளை ஊருக்குள் தட்டுப்பட்டால் அவனுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். எனக்குச் சூளை வண்டி ஏறி இடுப்பு போனதிலிருந்து மலை இல்லை. அந்த நாளைப் பெண்களோடு கழிப்பேன்.

பெண்களுக்கு அன்று ஓய்வு என்று யாரும் நினைக்க வேண்டாம். இருட்டியதும் இறங்கி வருகிறவர்களுக்குத் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் சாப்பாடு. பன்றித் தொடை எலும்பு போட்ட பீன்ஸ் கஞ்சி, ரொட்டி, மாவுக்குள் பழத்தை வைத்துச் சுடுகிற ஆப்பிள் பை. பை சுடுவது வெர்னாவின் பங்கு. விடியுமுன் லாய்டுக்குக் கோதுமை தோசை வார்த்துக் கொடுத்து அனுப்பியவள், அதற்குப் பிறகு உட்காரவே இல்லை.

"எல்வுட், நீ தோலைத் தின்றியா, பழத்தைத் தின்றியா?" என்று ஓபல் என்னைக் கேட்டாள். "நான் நறுக்க நறுக்கச் சட்டி நிறையவே மாட்டேங்குதே."

"ருசி பார்க்க ஒரு ஆள் வேண்டாமா?"

"ருசி பார்க்கிற ஆளு இப்படியா ஒரு மரத்தையே பார்ப்பான்?"

வெர்னா சிரித்தாள். சுட்டு முடித்த பைகளின் மேல் எது ஆப்பிள், எது பூசணி என்று எழுதி வைக்க அவளுக்குத் துண்டுக் காகிதம் வேண்டியிருந்தது. ரொட்டிப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பெரிய பழுப்பு உறையை இழுத்தாள்.

"இது அந்தக் கூரைக் கடன் காகிதம்தானே?" என்றாள் ஓபல். "அதைத்தான் வேண்டாம்னு சொல்லியாச்சே. அடுப்புல போடு."

"பின்பக்கம் வெத்தா இருக்கிற தாளை மட்டும் எடுத்துக்கிட்டுப் போடறேன்."

கூரைக் கடன் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒழுகுகிற கூரைக்கும் ஓட்டை விழுந்த வெந்நீர் உலைக்கும் சேர்த்து, பிட்ஸ்பர்க் கம்பெனி ஒன்று வீட்டை அடமானமாக எழுதிக்கொண்டு கடன் கொடுப்பதாக இருந்தது. ஊருக்குள் அந்தக் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவன் மெர்ல். அந்நியன் இல்லை, பதினேழு வருஷமாக லாய்டோடு ஒரே வேட்டைக் குடிசையில் படுத்து எழுந்தவன். புதன்கிழமை சாயங்காலம் இதே மேசையில் லாய்ட் கையெழுத்துப் போட்டான், பிறகு வெர்னா போட்டாள். வெள்ளிக்கிழமை சூளை வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள்: புது வருஷம் பிறந்ததும் இரண்டாம் சூளை அணைக்கப்படும். லாய்ட் இரண்டாம் சூளைக்காரன். சம்பளமே நிற்கப்போகும்போது தவணை எங்கிருந்து கட்டுவது? தவணை தவறினால் வீடு கம்பெனிக்காரனுக்கு. லாய்டின் அப்பா தன் கையால் கட்டிய வீடு அது. ஒரு காசு பாக்கி இல்லாதது. சனிக்கிழமை குடிசையைச் சுத்தம் பண்ணப் போனபோது லாய்ட் மெர்லிடம், "அதை விட்ருவோம்ப்பா" என்றான். மெர்ல், "சரி, விட்டாச்சு" என்று கை கொடுத்தான். அத்தோடு தீர்ந்தது என்றுதான் எல்லோரும் இருந்தோம்.

எங்கள் ஊர் அப்படி. லாய்டிடமிருந்து நான் வண்டி வாங்கியது ஒரு தலையாட்டலில். பக்கத்து வீட்டுக்காரனிடம் காகிதம் கேட்பது அவன் முகத்தில் துப்புகிற மாதிரி.

வெர்னா தாள்களைப் பிரித்துக்கொண்டே போனாள். "இந்த ஒரே தாள் நாலு இருக்கே."

"உனக்கு ரெண்டு, அவனுக்கு ரெண்டுன்னு மெர்ல் சொன்னான்ல," என்றாள் ஓபல்.

"எதுக்கு இத்தனைன்னு அப்பக் கேட்டேன். சட்டம் அப்படின்னான்." பென்சிலை எடுத்துத் தாளைத் திருப்பப் போனவள் திருப்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது. மாவுக் கை தாளின் ஓரத்தில் வெள்ளையாகப் பதிந்தது.

"என்ன?" என்றேன்.

"'இந்தக் கடனை நீங்கள் ரத்து செய்துகொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.'" அவள் சத்தமாகப் படித்தாள். "'ஆனால் எழுத்து மூலமாக எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தபாலிலோ தந்தியிலோ அனுப்பலாம். கடைசி நேரம், நவம்பர் இருபத்தெட்டு நள்ளிரவு.'"

"இன்னைக்கு என்ன தேதி?" என்றாள் ஓபல்.

வேட்டையின் முதல் நாள் தேதி எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும்: இருபத்தெட்டு.

"மெர்ல் சொன்னா சொன்னதுதான்," என்றாள் ஓபல். "எங்கப்பா செத்தப்ப உறைஞ்ச மண்ணுல குழி வெட்டினவன் அவன். வார்த்தை மாற மாட்டான்."

"மாற மாட்டான். ஆனா இது மெர்ல் பணம் இல்லையே ஓபல்."

வெர்னா கையைத் துடைத்துக்கொண்டு சுவர் போனிடம் போனாள். தாளில் இருந்த பிட்ஸ்பர்க் எண்ணைச் சுற்றினாள். எடுத்தது ஒரு சின்னப் பெண். வெர்னா பெயரைச் சொல்லி, ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வைக்கும்போது, "ரொம்ப நன்றிம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்," என்றாள்.

"செக்கு எழுதி வச்சிருக்காங்களாம், நாளைக்குக் கெளம்புதாம். மெர்ல் ஒண்ணும் சொல்லலியாம். போன்ல சொன்னா செல்லாது, எழுதி இன்னைக்கே போட்ருங்க, அது போதும்னு அந்தப் பொண்ணே சொல்லுது. புருசன் பெஞ்சாதியில ஒருத்தர் கையெழுத்துப் போட்டாலும் ரெண்டு பேருக்கும் ஆகுமாம்."

"அப்பறம் என்ன? போடு!" ஓபல் சட்டியைக் கீழே வைத்தாள்.

வெர்னா ஒரு தாளின் அடியில், 'நான் ரத்து செய்கிறேன்' என்று அச்சடித்திருந்ததற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். தேதி போட்டாள். பிறகு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"லாய்டுக்குத் தெரியாம இதை அனுப்ப மாட்டேன்."

"ஏண்டி! அந்தப் பொண்ணுதான்..."

"உங்கப்பா லாய்டுக்கு விட்டுட்டுப் போன வீடு. புதன்கிழமை ரெண்டு பேருமா உள்ள போனோம். வெளிய வர்றதும் ரெண்டு பேருமாத்தான் வரணும். நாளைக்கு அவன் மெர்ல் மூஞ்சியில முழிக்கணும்ல? நான் பின்னாடி இருந்து செஞ்சேன்னு ஆகக் கூடாது."

அடுத்து தபால் நிலையத்துக்குப் பேசினாள். திருமதி க்ரோ திறந்துதான் வைத்திருந்தாள். மான் சுடுகிற நாள் என்று அரசாங்கம் அவளுக்கு விடுமுறை தருவதில்லை. "நாலேகாலுக்குத் தபால் மூட்டை எடுக்க வண்டி வரும் வெர்னா. அதுக்குள்ள கொண்டாந்தா இன்னைக்கு முத்திரை குத்தி இன்னைக்கே அனுப்பிருவேன். பதிவுத் தபால்ல போடு. நான் எங்கயும் போகலை."

"லாய்ட் அகப்படலேன்னா திரும்பி வந்து என் தாளை மட்டும் போடுவேன்," என்றாள் வெர்னா எங்களிடம். "எல்வுட், உன் வண்டி மலை ஏறுமா?"

"சக்கரத்துல பனிச் சங்கிலி மாட்டினா ஏறும். ஆனா வெர்னா, குடிசைக்குப் பொம்பளைங்க..."

"தெரியும். இதுவரைக்கும் யாரும் வந்ததில்லை. இன்னைக்கு ஒரு நாள் வந்தேன்னு இருக்கட்டும்."

ஓபல் பரணிலிருந்து ஒரு ஆரஞ்சு மேசை விரிப்பை எடுத்து வந்து வெர்னாவின் கோட்டுக்கு மேல் சுற்றி ஊக்குக் குத்தினாள். அந்த நிறம் இல்லாமல் அன்று காட்டுப் பக்கம் போனால் மானென்று நினைத்து யாராவது சுட்டுவிடுவார்கள்.

"பூசணிக்கா மாதிரியே இருக்க," என்றாள் ஓபல். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "போ, போ. பையை நான் பார்த்துக்கிறேன். கருக விட மாட்டேன்."

பள்ளத்தாக்குச் சாலையோரம் பனி முழங்கால் அளவு. வண்டியின் சங்கிலி கடகடவென்று அடித்துக்கொண்டே வந்தது. மேலே எங்கோ ஒரு வெடி, கொஞ்சம் விட்டு இன்னொரு வெடி. வெர்னா மடியில் உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கோபப்படுவானா?" என்றாள்.

"படுவான்."

"நீ இல்லைன்னு சொல்லுவேன்னு நெனச்சேன்."

"பொய் சொல்ல எனக்கு வண்டி ஓட்டிக்கிட்டே வராது."

குடிசையில் ஃபெர்ட் மட்டும்தான் இருந்தான். எழுபது தாண்டியவன், குறி தப்ப ஆரம்பித்த வருஷம் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கரண்டி எடுத்தவன். வெங்காயமும் மான் ஈரலும் வதங்குகிற வாசனை வாசல் வரை வந்தது. வெர்னாவைப் பார்த்ததும் கரண்டியோடு வாசலை மறித்துக்கொண்டான்.

"ஏ தாயி, இங்கயெல்லாம் வரப்படாது. உள்ள எல்லாம் ஒரே அலங்கோலமாக் கெடக்கு."

"உள்ள வரலை. லாய்ட் எங்க?"

"மேற்கு முகட்டுல. பாறைக்கு அந்தாண்ட. சாயங்காலம் வந்துருவான்."

"இப்ப வரணும்."

"இப்பவா? நடந்து போய்த் தேடிப் பிடிக்கிறதுக்குள்ள இருட்டிரும். அந்தக் காலை வச்சுக்கிட்டு எல்வுட் போகவா? நான் போகவா?"

குடிசைக்குப் பக்கத்தில் மேப்பிள் மரக் கிளையில் பழைய மர அறுவை மில்லின் வட்ட ரம்பம் ஒன்று சங்கிலியில் தொங்கியது. அதனடியில் ஒரு சுத்தியல். வெர்னா அதைப் பார்ப்பதை ஃபெர்ட் பார்த்துவிட்டான்.

"தாயி. அது ஆபத்துக்கு அடிக்கிறது. யாருக்காவது குண்டு பட்டா, யாராவது தொலஞ்சு போனா. நான் சமைக்க வந்ததுலேர்ந்து ஒரே தடவைதான் அடிச்சிருக்கு."

"ஃபெர்ட், இன்னைக்குள்ள லாய்ட் ஒரு கையெழுத்துப் போடலைன்னா என் வீடு போற வழி தொறந்துரும். இது ஆபத்தா இல்லையா, நீயே சொல்லு."

ஃபெர்ட் தாடியைச் சொறிந்தான். ஈரல் கருகுகிற வாசனை வந்தது, அவன் திரும்பவில்லை. "நான் உள்ள போய் அடுப்பைப் பார்க்கிறேன்," என்றான். "எனக்குக் காது சரியாக் கேக்காது."

அவள் அடித்தாள். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல? பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு பெரிய பாத்திரம் மாதிரி அதிர்ந்தது. மலையில் வெடி நின்றுபோயிற்று.

முதலில் கீழ்ச் சரிவிலிருந்து இரண்டு பேர் மூச்சிரைக்க வந்தார்கள். "யாருக்கு? யாருக்குப் பட்டிருக்கு?" பிறகு இன்னும் மூன்று பேர். ஒருவன் முதலுதவிப் பெட்டியைத் திறந்துகொண்டே ஓடி வந்தான். ஆரஞ்சு விரிப்போடு சுத்தியலும் கையுமாக நிற்கிற வெர்னாவைப் பார்த்து எல்லோரும் அப்படியே நின்றார்கள்.

"யாருக்கும் படலை," என்றாள். "மன்னிச்சுக்கங்க. லாய்டோட பேசணும்."

"லாய்டோட பேசவா! எட்டுக் கிளைக் கொம்பு மானு, இந்தா இந்தத் தூரத்துல நின்னுது. விட்டுட்டு ஓடியாந்தேன் நான்!" என்றான் ஒருவன்.

"இந்நேரம் அது உனக்கு நன்றி சொல்லிக்கிட்டிருக்கும்," என்றான் உள்ளேயிருந்து ஃபெர்ட். "எல்லாரும் வந்து ஈரலைத் தின்னுங்க. சூடா இருக்கு."

லாய்ட் வந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை. தொப்பி எங்கோ விழுந்திருந்தது. வெர்னாவைத் தோளில் தொட்டு, கையைத் தொட்டுப் பார்த்தான். "உனக்கா? ஓபலுக்கா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க. இதைப் படி."

அவன் படித்தான். மெல்ல வெளுப்புப் போய்ச் சிவப்பு ஏறியது. "இதுக்கா? இதுக்கா ரம்பத்தை அடிச்ச? மெர்ல் எனக்குக் கை குடுத்திருக்கான் வெர்னா."

"தெரியும்."

"இப்ப நான் காகிதம் அனுப்பினா என்ன அர்த்தம்? அவன் வார்த்தையை நம்பலைன்னு அர்த்தம். இத்தனை பேர் முன்னாடி. பதினேழு வருசம் ஒரே கூரைக்குக் கீழ..."

"அந்தக் கூரை வேற, நம்ம கூரை வேற. செக்கு நாளைக்குக் கெளம்புது லாய்ட். பிட்ஸ்பர்க்ல கேட்டுட்டேன். அங்க யாருக்கும் எதுவும் தெரியாது."

"மெர்ல் சொல்லியிருப்பான்."

"சொல்லலை," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மெர்ல் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. பெரிய உடம்பு, மேட்டிலிருந்து ஓடிவந்ததில் மூச்சு ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது. துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் பேசினான்.

"சனிக்கிழமை கை குடுத்தப்ப நெசமாத்தான் குடுத்தேன். ராத்திரி படுத்தப்ப, திங்கட்கிழமைக்குள்ள யாரும் எதுவும் எழுதி அனுப்பலைன்னா கடன் தானா உறுதியாயிரும், எனக்குக் கமிஷன் வரும்னு ஒரு நெனப்பு வந்துது. சொல்ல வேண்டாம்னு முடிவு பண்ணலை. சொல்லணும்னும் எந்திரிக்கலை. காலையிலேர்ந்து மரத்துக்குக் கீழ உக்காந்து அதையேதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். ரம்பம் கேட்டதும் எனக்குத்தான் அடிக்கிறாங்கன்னு தோணிச்சு."

மெர்ல் லாய்டின் பக்கம் ஓரடி வைத்தான்.

"என் கையை நம்புற. சரி. ஆனா அது பிட்ஸ்பர்க் வரைக்கும் எட்டாதுப்பா. அந்தத் தாளை நான்தான் உன் வீட்ல வச்சுட்டு வந்தேன். இதைப் படிச்சுக்கங்கன்னு சொல்லியிருக்கணும். பை வாசனையில மறந்துட்டேன்னு சொல்லிக்கிட்டேன்." அவன் வெர்னாவிடம் திரும்பினான். "நீ வந்தது நல்லதாப் போச்சு வெர்னா. உனக்கு நான் கடமைப்பட்டிருக்கேன்."

"நான்தான் உனக்கு," என்றாள் வெர்னா. "சும்மா நின்னிருக்கலாம் நீ."

எட்டுக் கிளைக் கொம்பை விட்டவன், "கமிஷன் வந்திருந்தா எங்களுக்கு ஒரு புது அடுப்பு வாங்கியிருப்பியாடா?" என்று கேட்டான். மெர்ல், "உனக்கு ஒரு கண்ணாடி வாங்கியிருப்பேன், எட்டுக் கிளைன்னு சொல்றியே," என்றான். லாய்ட் சிரித்துவிட்டான். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

என் வண்டியின் முன்மூடி சூடாக இருந்தது. அதன் மேல் தாளை வைத்து லாய்ட் கையெழுத்துப் போட்டான். விரல் விறைத்துப்போய் இரண்டாவது எழுத்து கோணிக்கொண்டது. வெர்னாவின் பெயருக்கு நேர் கீழே.

"கூரை?" என்றான் நிமிர்ந்து.

"ஒழுகும். நம்ம வீட்டுக்குள்ளதானே ஒழுகும்."

ஃபெர்ட் ரொட்டிக்கு நடுவே ஈரலை வைத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். லாய்ட் எங்களோடு ஏறிக்கொண்டான். வேட்டையின் முதல் நாள் பாதியில் அவன் மலையிறங்கியது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் இரண்டு பேரும் ஒரே ரொட்டியை மாற்றி மாற்றிக் கடித்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு ஒரு விள்ளல்கூடத் தரவில்லை.

தபால் நிலையம் போய்ச் சேர்ந்தபோது தபால் வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. வெளியே ஒரு வண்டி இல்லை, தெருவில் ஒரு நாய் இல்லை. உள்ளே எல்லா விளக்கும் எரிந்தது. திருமதி க்ரோ கம்பளிச் சட்டைக்கு மேல் இன்னொரு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"காலையிலேர்ந்து நீங்கதான் முதல் ஆளு," என்றாள். "பதிவுத் தபால்தானே?"

"ஆமா," என்றாள் வெர்னா. "ஒரு நிமிஷம், பேனா குடுங்க."

தாளின் அடியில், இரண்டு கையெழுத்துக்கும் கீழே மிச்சமிருந்த வெற்றிடத்தில் அவள் எழுதினாள். லாய்ட் தோள் வழியாக எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தான்.

"'யோசிக்க அவகாசம் கொடுத்ததற்கு நன்றி. போனில் பேசிய பெண்ணுக்கும் நன்றி.' ஏம்மா, கம்பெனிக்காரனுக்கா நன்றி சொல்ற? அவகாசம் குடுத்தது சட்டம். அவன் குடுக்கலை."

"சட்டத்துக்கு விலாசம் தெரிஞ்சா அதுக்கும் எழுதுவேன்."

"நல்லா எழுதுவ."

"புதன்கிழமை எனக்கு வேண்டாம்னுதான் இருந்துது," என்றாள் அவள், தாளை மடித்துக்கொண்டே. "நீ போட்டதும் போட்டேன். யாரோ ஒருத்தர் எங்கயோ உக்காந்து, இப்படி ஒரு பொம்பளை இருப்பா, அவளுக்கு வாய் வர ரெண்டு மூணு நாள் ஆகும்னு நெனச்சிருக்காங்க. அவங்க யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

உறையை லாய்ட் விரித்துப் பிடித்தான். அவள் தாளை உள்ளே தள்ளினாள். ஓரத்தை நாக்கால் ஈரம் பண்ணி ஒட்டினாள். பிரிந்துவிடாதபடி அவன் கட்டைவிரலால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒருதரம் அழுத்தினான்.

திருமதி க்ரோ முத்திரையை மையில் தொட்டு, தேதியைச் சரிபார்த்து, ஓங்கிக் குத்தினாள். ரசீதைக் கிழித்து வெர்னாவிடம் நீட்டினாள்.

"ரொம்ப நன்றி," என்றாள் வெர்னா.

"எதுக்கு? தொறந்து வச்சிருக்கிறது என் வேலைம்மா."

"அதுக்குத்தான்."

வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. ஓட்டுநர் ஆரஞ்சுத் தொப்பியோடு உள்ளே வந்து, கைகளை ஊதிக்கொண்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டான். திருமதி க்ரோ அந்த ஒற்றைக் கடிதத்தைப் பையில் போட்டு, பையின் வாயைக் கட்டி, அவன் தோளில் ஏற்றினாள்.

"இவ்வளவுதான்," என்றாள். "பார்த்து ஓட்டு."